யாரோடு பந்தி? புனே வட்டாரத்தில் சபை என்னும் உறவு

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றங்கரையில் இருக்கிறது ஔந்த். பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டினால் வருகிற கிராமமாகத்தான் அது நெடுநாள் இருந்தது. ராணுவ முகாமையும் மார்புநோய் மருத்துவமனையையும் வைத்தே வெளியார் அதை அறிந்திருந்தார்கள். ஹிஞ்சவாடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் அடுக்குமாடிகள் எழுந்தன. சென்னையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. புதிதாக வந்த குடும்பத்தை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அழைக்க வருபவர் முதலில் கேட்பது, “நீங்க எந்தச் சபை?” சி.எஸ்.ஐ., லுத்தரன், ஆர்.சி., பெந்தெகொஸ்தே, பிரதரன் என்று ஏதோ ஒரு பதில் வரும். அடுத்த கேள்வி, “சொந்த ஊர் எது?” ஊர்ப் பெயரிலிருந்து சாதியைக் கணிக்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றாவது கேள்வி தேவைப்படுவதில்லை.

சபை என்பது கட்டடமல்ல, விசுவாசிகளின் கூட்டம் என்பது ஞாயிறு பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் தெரியும். 1530இல் லுத்தர் தரப்பினர் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன் வைத்த ஆக்ஸ்பர்க் அறிக்கை அப்படித்தான் வரையறுத்தது: சுவிசேஷம் சரியாகப் பிரசங்கிக்கப்பட்டு, திருமுழுக்கும் திருவிருந்தும் முறையாக வழங்கப்படும் விசுவாசிகளின் கூட்டமே சபை. ஆங்கிலிக்கர்களின் 39 கட்டளைகளில் 19ஆவது ஏறக்குறைய இதையே சொல்கிறது. கத்தோலிக்கர்களும் பின்தங்கவில்லை. 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில் இறைமக்களைப் பற்றிய அதிகாரம் இரண்டாவதாகவும், ஆயர்களின் அதிகாரப் படிநிலை பற்றியது மூன்றாவதாகவும் வைக்கப்பட்டன. அந்த வரிசை சங்கத்தில் வாதாடிப் பெறப்பட்டது. மக்கள் முதலில், அதிகாரிகள் பிறகு என்பதே அதன் பொருள்.

ஆகவே வரையறையில் பெரிய சண்டை இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் யார் வரலாம், வந்தவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதில்தான் சண்டை. சபையின் உண்மையைச் சோதிக்கும் இடம் பந்திதான் என்பது என் வாதம். புனே வட்டாரத்தின் 140 ஆண்டு வரலாறும் தமிழ்நாட்டின் வரலாறும் அதற்குச் சான்று தருகின்றன.

இந்தச் சோதனை புதிய ஏற்பாட்டிலேயே தொடங்கிவிட்டது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகி உட்கார்ந்தார். பவுல் அவரை எல்லோர் முன்னும் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபம் பதிவுசெய்கிறது. கொரிந்துவில் வேறொரு நோய். வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து உண்டு குடித்து முடித்துவிட, வேலை முடிந்து வரும் ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் எழுதினார். இரண்டு இடத்திலும் உபதேசத்தில் கோளாறு இல்லை, இலை போட்டதில்தான் கோளாறு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறு கூடுகையை விவரிக்கும்போது இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்கிறார். வர முடியாதவர்களுக்கு அப்பத்தின் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் ஊருக்குப் புதியவர்களுக்கும் போகும். அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கோயில்கள் இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள். ஔந்தின் மூன்றாம் மாடி வரவேற்பறையில் கூடுகிறவர்கள் தங்களை ஆதிச் சபையோடு ஒப்பிட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஒப்பீடு ஜஸ்டின் சொன்ன இந்த இரண்டையும் சேர்த்து நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பந்தி எப்படி இருந்தது? 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இளம் மிஷனரிகளுக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். அவரது குற்றச்சாட்டுகள் நான்கு: தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், திருவிருந்தில் சாதிகளைக் கலக்கிறார்கள், பண்டிகைகளில் பூவை விலக்குகிறார்கள், தமிழ் இசையைத் தடுக்கிறார்கள். பூவுக்கும் இசைக்கும் அவர் போராடியது சரி. அவர் இல்லாவிட்டால் தமிழ் ஆராதனை வெறும் ஐரோப்பிய நகலாகியிருக்கும். சாதிப் பிரிவைக் காக்கப் போராடியது தவறு. அவருடைய மேதைமையை மதிப்பவர்களும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சபையில் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டு விலகினார்கள். அதே ஆண்டுகளில் தமிழ் இசையையும் பூவையும் அனுமதித்திருந்தால் மிஷனரிகளின் பேச்சு இன்னும் கொஞ்சம் எடுபட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

கத்தோலிக்கர் தரப்பின் சாட்சி வடக்கன்குளம். 1872இல் அங்கே எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நீண்ட கைகள். அவை பீடத்தில் மட்டும் சேரும். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் முதலானோர். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பலியில் பங்குகொள்ள வடிவமைத்த கட்டடம் அது. கால்சட்டைக் கோயில் என்று ஊரார் அழைத்தார்கள். 1910இல் இரு பக்கத்தையும் பிரித்த தடுப்பைக் குருக்கள் இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போயிற்று. கோயிலுக்குள் சாதி அடிப்படையில் தனியிடம் கேட்கும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் சில ஆண்டுகள் கழித்து மறுத்தது. சபை தானே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஒன்றைத் தீர்க்க அரசின் நீதிபதி தேவைப்பட்டார்.

மராத்தி நாட்டில் கேள்வி வேறு கோணத்திலிருந்து வந்தது. பண்டித ரமாபாய் 1883 செப்டம்பரில் இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில், புனித மரியாளின் ஆங்கிலிக்கன் துறவுச் சகோதரிகளின் இல்லத்தில் தங்கியிருந்தபோது திருமுழுக்குப் பெற்றார். அந்தச் சகோதரிகளை அவர் புனேயிலேயே அறிந்திருந்தார். ஞானஸ்நானம் முடிந்ததும் ஆங்கிலிக்கன் கோட்பாடுகள் அனைத்தையும் ஏற்பார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். ரமாபாய் மறுத்தார். பிராமணப் புரோகிதர்களின் அதிகாரத்திலிருந்து விடுபட்ட தான் இன்னொரு புரோகித அதிகாரத்துக்குள் தலை கொடுக்கப்போவதில்லை என்பது அவர் நிலை. கிறிஸ்துவின் உலகளாவிய சபையில் அங்கம் வேண்டும், எந்த ஒரு பிரிவின் முத்திரையும் வேண்டாம். அவருக்கும் சகோதரி ஜெரால்டினுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இன்றும் படிக்கத் தகுந்தது. குரு மாணவியைக் கண்டிப்பதும் மாணவி குருவுக்கு இறையியல் கற்பிப்பதும் அதில் மாறிமாறி நடக்கின்றன. 1889இல் மும்பையில் தொடங்கி மறு ஆண்டு புனேக்கு வந்த சாரதா சதனும், பின்னர் கேட்கானில் எழுந்த முக்தியும் அந்தப் பிடிவாதத்தின் விளைச்சல். இளம் விதவைகளும் பஞ்சத்தில் தப்பிய சிறுமிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் வளர்ந்தார்கள்.

நாராயண் வாமன் திலக் இன்னும் தூரம் போனார். 1861இல் ரத்தினகிரி மாவட்டத்தில் பிறந்த சித்பாவன் பிராமணர், மராத்திக் கவிஞர். 1895 பிப்ரவரியில் மும்பையில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி லட்சுமிபாய் உடன் வரவில்லை. சில ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு கணவரோடு வாழ வந்தபோதும் தன் சமையலையும் தண்ணீரையும் தனியாக வைத்துக்கொண்டார். அந்தத் தடை அவருக்குள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது என்பதை ‘ஸ்மிருதிசித்ரே’ என்ற தன்வரலாற்றில் சிரிப்பும் கண்ணீருமாக எழுதியிருக்கிறார். 1900இல் அவரும் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய மனமாற்றத்தில் சமையலறை வகித்த இடத்தை எந்த இறையியல் நூலும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

அகமத்நகரில் அமெரிக்க மராத்தி மிஷனில் திலக் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அங்கிருந்த சபைகளில் பெரும்பாலோர் மகார், மாங் சமூகத்தினர். துகாராமின் பாலத்தைக் கடந்தே தான் கிறிஸ்துவிடம் வந்ததாகச் சொல்வார். மராத்திக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடும் பாடல்களில் பல அவருடையவை. 1917இல் மிஷன் சம்பளத்தைத் துறந்து சந்நியாசியாகி, சாத்தாராவில் ‘தேவாச்சா தர்பார்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இறைவனின் அவை. ஞானஸ்நானம் பெற்ற சீடர்களும் பெறாத சீடர்களும் சகோதரர்களாக அதில் சேரலாம். வாசலில் பெயர்ப்பதிவேடு இல்லை, வெள்ளைக்காரக் கண்காணிப்பு இல்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது ஆண்டுதோறும் புனே வழியாகப் பண்டரிபுரம் போகும் வார்க்கரிகளைப் பார்த்தால் விளங்கும். தேஹுவிலிருந்து துகாராமின் பல்லக்கும் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரின் பல்லக்கும் வருகின்றன. பாடிக்கொண்டு போகிறவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குகிறார்கள். உறுப்பினர் என்பதற்கு அடையாளம் நடப்பதும் பாடுவதும்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. மகார் குலத்து அடியார் சோகாமேளாவின் சமாதி விட்டலன் கோயிலுக்கு வெளியேதான் இருக்கிறது. 1947இல் காந்தியவாதி சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகே அந்தக் கோயில் தலித்துகளுக்குத் திறந்தது. பக்தி எல்லோரையும் ஒன்றாகப் பாட வைத்தது, ஒன்றாக உள்ளே போக விடவில்லை. திலக் இரண்டையும் அறிந்தவர். தர்பார் அந்தக் குறையையும் சேர்த்துத் திருத்தப் பார்த்த முயற்சி என்றே நான் வாசிக்கிறேன்.

1919 மே மாதம் திலக் இறந்தார். தர்பாரும் நெடுநாள் நிற்கவில்லை. ஆனால் அகமத்நகர் பகுதியில் பணிசெய்த ஜாக் வின்ஸ்லோ என்ற ஆங்கிலிக்கன் குருவை அது விடவில்லை. 1923இல் திலக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர்தான். அதற்கு முந்தைய ஆண்டே, இளம் இந்தியக் கிறிஸ்தவர்கள் சிலரோடு கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1920களின் இறுதியில் அது புனே சிவாஜிநகருக்கு வந்தது. ஔந்திலிருந்து கணேஷ்கிண்ட் சாலையில் நேராகப் போனால் சிவாஜிநகர்தான். கதர் உடை, சைவ உணவு, தரையில் உட்கார்ந்து ஆங்கிலேயரும் இந்தியரும் ஒரே பந்தி. வெள்ளைக்காரர்களின் மன்றங்களில் இந்தியர் நுழைய முடியாத புனேயில் இது சிறிய காரியமில்லை. 1927இல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தவர்களில் வெரியர் எல்வினும் ஒருவர். அவரும் சங்கத்தைச் சேர்ந்த மராத்தியர் ஷாம்ராவ் ஹிவாலேயும் 1932இல் கோண்டு மக்களிடையே வாழப் போனார்கள். அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த எல்வினுக்கு நாக்பூர் பேராயர் ஊழிய அனுமதி தரவில்லை. 1935இல் எல்வின் சபையை விட்டே வெளியேறினார். விசுவாசிகளின் கூட்டத்தில் இருக்கப் பேரரசுக்கு விசுவாசம் கேட்கப்பட்டது. அந்தப் பேராயர் செய்த தவறுக்கு இந்தியச் சபை கொடுத்த விலை பெரிது.

இதே வேளையில் தமிழ்நாட்டில், 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. நிறுவியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இருவரும் மணம் செய்துகொள்ளாமல் நோயாளிகளுக்கே வாழ்ந்தார்கள். ஊரார் ஏசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். ஆளும் இனத்தவர் ஒருவர் தமிழர் ஒருவருக்குத் தம்பியானார். சபையைக் குடும்பம் என்று மேடையில் சொல்கிறவர்கள் பலர். அந்தச் சொல்லுக்குரிய உறவுமுறையை நடத்திக் காட்டியது திருப்பத்தூர். 1932இல் கதர் அணிந்து சென்னைத் தெருவில் நின்ற சின்னண்ணனைக் காவலர்கள் தாக்கியபோது, அவர் யாருடைய தம்பி என்பது அரசுக்கும் புரிந்தது.

1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. பேசுபொருள் சபை. அதற்கு முன்னதாகச் சென்னையில் ஒரு குழுவினர், கிறிஸ்தவத்தை இந்தியாவில் மறுபடி சிந்திக்க வேண்டும் என்ற நூலை வெளியிட்டார்கள். பா. செஞ்சையா, வெ. சக்கரை ஆகியோரோடு பெரியண்ணன் ஏசுதாசனும் அதில் எழுதினார். செஞ்சையாவின் வாதம் கூர்மையானது. இயேசு அறிவித்தது தேவனுடைய ராஜ்யத்தை, புதிய படைப்பை. மேற்கிலிருந்து வந்த சபை அமைப்பு அதற்கு ஈடாகாது, அதன் மையமும் ஆகாது. சென்னையின் அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனை இன்னும் பாடப்புத்தக இரவலாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் செஞ்சையாவோடு முழுவதும் உடன்பட என்னால் முடியவில்லை. அமைப்பை விட்டுவிட்டால் ஜஸ்டின் சொன்ன அப்பத்தின் பங்கை நோயாளி வீட்டுக்கு யார் கொண்டுபோவது? தர்பார் ஒரு மனிதரின் வெளிச்சத்தில் நின்றது, அவரோடு அணைந்தது. புலம்பெயர்ந்த நகரத்தில் இது இன்னும் நடைமுறைக் கேள்வி. வரவேற்பறை ஜெபக்கூட்டத்தில் பத்து வருடம் பாடியவர் இறந்துபோனால் அடக்கம் எந்தக் கல்லறைத் தோட்டத்தில்? 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணம் நடத்தி வைக்க உரிமையுள்ளவர் யார்? பதிவேடும் பங்குத்தந்தையும் போதகரும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறார்கள். விசுவாசிகளின் கூட்டத்துக்கு எலும்பும் வேண்டும்.

ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள் என்ற திலக்கின் கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. சென்னை குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியோடு தொடர்புடைய ஹெர்பர்ட் ஹோஃபர், தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சென்னையிலும் இயேசுவை வழிபட்டும் எந்தச் சபையிலும் சேராத மக்களைச் சந்தித்து ஆராய்ந்தார். 1991இல் அது நூலாக வந்தது. குடும்பம் உடைந்துவிடும், பெண்ணுக்கு வரன் கிடைக்காது, சாதி மாறியதாக ஊர் சொல்லும் என்பவை அவர்கள் தயங்கும் காரணங்கள். அரசும் ஒரு காரணம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருதவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் செருப்புத் தைத்த, ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான சூசை என்பவர் அரசு உதவி மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் பழைய சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்டப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம். வடக்கன்குளத்து இரட்டைக் கைகளைப் பார்த்தவர் எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

இந்தச் சூழலில் ஞானஸ்நானம் பெறாதவரைக் கோழை என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வது அநியாயம். வெளியே நிற்பவர்களுக்கு வாசலைக் காட்டும் சபைகள், ஞானஸ்நானம் பெற்று உள்ளே வந்த தலித் மக்களைத் தனி வரிசையிலும் தனிக் கல்லறையிலும் நிறுத்தியவை. ஞானஸ்நானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது தரும் உறுதிமொழி பெரியது: இனி யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்பது. அந்த உறுதிமொழியை முதலில் காப்பாற்ற வேண்டியவர் அதை வழங்குபவர்.

பிரிந்தவை சேர்ந்ததும் உண்டு. 1947 செப்டம்பர் 27 சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை, 1970 நவம்பர் 29 நாக்பூரில் வட இந்தியத் திருச்சபை. திலக்கின் அமெரிக்க மிஷன் மரபும் வின்ஸ்லோவின் ஆங்கிலிக்கன் மரபும் இப்போது ஒரே சபையில் இருக்கின்றன. குழந்தைக்கு ஞானஸ்நானம் தருவோரும், வளர்ந்து விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே தருவோரும் வட இந்தியத் திருச்சபைக்குள் இரண்டு வழிகளையும் ஏற்று ஒன்றாக இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த ஒரு கேள்விக்காக மனிதர்களை ஆற்றில் மூழ்கடித்தார்கள் என்பதை நினைத்தால் நாக்பூரில் நடந்தது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

வின்ஸ்லோவின் சங்கம் இருந்த சிவாஜிநகர் ஆசிரமத்துக்கு 1970களின் தொடக்கத்தில் மறுபிறப்பு வந்தது. கத்தோலிக்கத் துறவிகளான வந்தனா மாதாஜியும் சாரா கிராண்டும், ஆங்கிலிக்கன் சகோதரிகளும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். அந்த ஆங்கிலிக்கன் சகோதரிகள் ரமாபாய்க்கு ஞானஸ்நானம் தந்து அவரோடு வாதாடிய அதே வாண்டேஜ் துறவுச் சபையினர். ரமாபாய் கேட்ட பிரிவில்லாத உறவை நோக்கி அந்தச் சபையே தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நடந்துவந்தது. ஆனால் ஒரே சமையலறையில் உண்டவர்களும் திருவிருந்தில் பொதுவாகச் சேர்ந்து பங்குகொள்ள கத்தோலிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இன்றும் அப்படித்தான். இதில் தவறு யாருடையது என்று வாதாடலாம். அது காயம் என்பதையாவது இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். படைத்தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்கள் அவை. ஔந்தின் புதிய தமிழர்களுக்கு அவர்களோடு உறவு மிகக் குறைவு. மராத்திச் சபைகளோடு அதைவிடக் குறைவு. தமிழில் ஜெபிக்க ஒரு வீடு வேண்டும் என்பது நியாயமான தேவை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று சில வீடுகள் சேர்ந்து முறைவைத்துக் கூடுவதும் இதே தேவையில்தான். மொழிக்காகக் கூடுவது ஊர்க்காரர்களுக்காகவும் சாதிக்காரர்களுக்காகவும் மட்டும் கூடுவதாகச் சுருங்கும்போதுதான் சபை சங்கமாகிவிடுகிறது.

ஔந்திலும் பக்கத்துப் பாணேரிலும் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தும் தமிழ் விசுவாசிகளிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது பக்கத்து மராத்திச் சபையின் ஆராதனைக்குப் போய் அவர்களோடு சாப்பிடுங்கள். உங்கள் அடுக்குமாடியில் பாத்திரம் கழுவுகிற, காவல் காக்கிற கிறிஸ்தவர்கள் யாரென்று விசாரித்து, ஜெபத்துக்கும் ஜெபத்துக்குப் பிறகான சாப்பாட்டுக்கும் அழையுங்கள். பந்தியில் அவர்களுக்குப் பரிமாறுங்கள், அவர்களைப் பரிமாற வைக்காதீர்கள். புதிதாக வருபவரிடம் சொந்த ஊரைக் கேட்பதற்கு முன், சாப்பிட்டாயிற்றா என்று கேளுங்கள்.